விழித்திரையில் ஒரு செம்புள்ளி

1881-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வாரன் டே என்னும் மருத்துவரிடம் பன்னிரண்டு மாதக் குழந்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. அதற்குத் தலை நிற்கவில்லை, கைகால்களில் வலுவில்லை. டே அவர்கள் அறுவை மருத்துவத்திலும் கண் மருத்துவத்திலும் தேர்ந்தவர். குழந்தையின் விழிகளுக்குள் அவர் கருவி கொண்டு நோக்கினார். விழித்திரையின் நடுவே, நாம் எதை உற்று நோக்கினும் அதன் உருவம் வந்து விழுகின்ற அந்த இடத்தில், வெண்மையான வட்டம் ஒன்றும் அவ்வட்டத்தின் மையத்தில் செம்பழுப்பான புள்ளி ஒன்றும் தெரிந்தன. இரண்டு கண்களிலும் ஒரே வண்ணம், ஒரே அளவு. முன்னர் எவரும் எழுதி வைத்திராத அடையாளம் அது. கண்டதைக் கண்டவாறே எழுதிக் கண் மருத்துவர் சங்கத்தில் படித்தார். இன்ன நோய் என்று அவரால் பெயரிட இயலவில்லை. மூன்று ஆண்டுகள் சென்றபின், 1884-இல், அதே குடும்பத்தில் மூன்றாவது குழந்தைக்கும் அதே புள்ளி இருக்கக் கண்டு அதனையும் எழுதினார்.

கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆக்கித் தந்தது 1851-இல்தான். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன் அக்குழந்தை பிறந்திருக்குமாயின், காரணம் அறியாமல் மெலிந்து மாண்ட எண்ணற்ற மதலைகளுள் ஒன்றாகவே அது மறைந்திருக்கும். நோய்கள் புதிதாய்த் தோன்றுவதைக் காட்டிலும், பழைய நோய்களைக் காணும் கண் புதிதாய்த் தோன்றுவதே மருத்துவ வரலாற்றில் மிகுதி. பெரியம்மையையும் சின்னமுத்தையும் ஒன்றெனவே உலகம் மயங்கியிருந்த காலத்தில் அவை இரண்டும் வேறெனப் பிரித்துத் தனி நூல் யாத்த அறிஞர் அர்ராஸீ செய்ததும் இத்தகைய பணியேயாகும்.

அந்தச் செம்புள்ளியைப் பற்றி ஒரு நுட்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாம் மருத்துவம் பயின்றவரல்லர். ஆயினும் இதனைப் படித்தறிந்த நாள் முதல் நம் உள்ளத்தை விட்டு அது நீங்கவில்லை. செம்புள்ளிதான் நோய் என்று பார்ப்பவர் எண்ணுவர். உண்மையோ நேர்மாறானது. விழித்திரையின் நடுப்பகுதியைச் சூழ நரம்பணுக்கள் பல அடுக்காய் நெருங்கியிருக்கின்றன. இந்நோயில் அவ்வணுக்களில் கொழுப்புப் பொருளொன்று தேங்க, அவை வீங்கி ஒளி ஊடுருவாத வெண்மையை அடைகின்றன. நட்ட நடுவே உள்ள சிறு குழியில் மட்டும் அவ்வகை அணுக்கள் இல்லை. ஆதலால் அவ்விடம் வெளுக்காமல், பின்னாலுள்ள குருதி நாளங்களின் இயல்பான செந்நிறம் அங்கே அப்படியே தெரிகின்றது. சிவந்திருப்பது நலமான இடம். வெளுத்திருப்பதே நோயுற்ற இடம். விழித்திரை என்பது மூளையிலிருந்தே கிளைத்து வளர்ந்த பகுதியாதலின், மண்டையோட்டினுள் மறைந்து நடந்துகொண்டிருந்த அழிவு ஒன்றைக் கண்ணின் பலகணி வழியாகவே டே அவர்கள் கண்டுவிட்டார். தாம் கண்டது மூளையின் நோய் என்பதை அவர் அறிந்திலர்.

அதனை அறிந்தவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அமெரிக்க நாட்டில் பால்டிமோர் நகரில் 1858-இல் பிறந்த பெர்னார்ட் ஸாக்ஸ், பவேரியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜேம்ஸிடம் பாடம் கேட்டவர். இவருடைய உடன்பிறந்தாரின் பெயர் இன்றளவும் நியூயார்க்கின் பெரும் நிதி நிறுவனமொன்றின் பெயரில் வழங்குகின்றது. இவரோ பொருளீட்டும் வழியை விடுத்து நரம்பு மருத்துவத்தை நாடினார். இரண்டு வயதளவில் இறந்த பெண் குழந்தை ஒன்றின் மூளையை ஆராய்ந்து 1887-இல் இவர் எழுதிய கட்டுரையே இவ்வரலாற்றின் இரண்டாம் தூண். பிறந்து சில மாதங்கள் வரை எல்லாக் குழந்தைகளையும் போல் இருந்த அம்மகவு, பின்னர் நாளுக்கு நாள் பின்னடைந்து, பார்வையிழந்து, அசைவிழந்து மாண்டது. பெருமூளைப் புறணியை இவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது இயல்பான வடிவுடைய அணு ஒன்றைக் காண்பதே அரிதாயிருந்தது. கூம்பு வடிவில் இருக்கவேண்டிய அணுக்கள் உருண்டு திரண்டு, உட்கரு ஓரத்திற்கு ஒதுங்கிக் கிடந்தன.

இலண்டனில் டே கண்டதும் நியூயார்க்கில் ஸாக்ஸ் கண்டதும் ஒன்றே என்பதை 1892-இல் கிங்டன் என்னும் ஆங்கில மருத்துவர் இணைத்துக் காட்டினார். 1896-இல் ஸாக்ஸ் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். அப்பெயரைத் தமிழில் ஆக்கினால் 'குடும்பவழிக் குருட்டுப் பேதைமை' என்று வரும். அக்கால மருத்துவ மொழி அத்தகையது. அதில் இழிவு கருதப்படவில்லை என்று சொல்லுவோர் உளர். ஆயினும் பிள்ளையை இழந்துகொண்டிருக்கும் ஒரு தாயின் செவியில் அச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பின்னர் வந்தோர் அப்பெயரைக் கைவிட்டு, டே–ஸாக்ஸ் நோய் என்று அவ்விருவர் பெயராலேயே வழங்கலாயினர்.

அணு ஏன் வீங்குகின்றது? எது தேங்குகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணும் வழியை, இந்நோயைக் கண்ணாலும் கண்டறியாத ஒருவர் முன்னரே திறந்து வைத்திருந்தார். ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த தூடிக்கும் என்னும் மருத்துவர், மாட்டு மூளையும் மனித மூளையும் கொண்டுவந்து, அவற்றிலுள்ள கொழுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். 1884-இல் மூளையின் இரசாயனம் பற்றி அவர் வெளியிட்ட நூலில், புதிர் நிறைந்த பொருளொன்றுக்கு 'ஸ்பிங்கோஸின்' என்று பெயரிட்டார். கிரேக்கக் கதையில் வழிப்போக்கரிடம் விடுகதை கேட்கும் ஸ்பிங்க்ஸ் நினைவாக அமைந்த பெயர் அது. எகிப்து நாட்டு மணல்வெளியில் கிடக்கும் அக்கற்சிலையை அரபு மக்கள் 'அபுல் ஹவ்ல்', அதாவது அச்சத்தின் தந்தை, என்று அழைப்பர். விடுகதையும் அச்சமும் ஒருங்கே குடிகொண்ட இந்நோய்க்கு அவ்விரு பெயர்களும் பொருந்துகின்றன என்று நமக்குத் தோன்றுவதுண்டு. தூடிக்கும் வாழ்ந்த நாளில் அவர் உழைப்பை மதித்தார் சிலரே, எள்ளியவர் பலர். 1901-இல் அவர் மறைந்தார்.

கொலோன் நகரத்து எர்ன்ஸ்ட் கிளெங்க் என்பார் டே–ஸாக்ஸ் நோயால் இறந்த குழந்தைகளின் மூளையிலிருந்து, தூடிக்கும் கண்ட அப்பொருளை அடித்தளமாகக் கொண்டு சர்க்கரை வகைகள் கோத்த ஒரு கொழுப்பைப் பிரித்தார். நரம்பணுத் திரள்களில் மிகுதியாகக் காணப்படுவதனால் 1942-இல் அதற்குக் 'காங்கிலியோஸைட்' எனப் பெயர் வைத்தார். அவ்வினத்துள் இந்நோயில் தேங்குவது எது என்பதை 1962-இல் ஸ்வீடன் நாட்டு லார்ஸ் ஸ்வென்னர்ஹோம் தெளிவாக்கினார். இன்று ஜி.எம்.2 என்று குறிக்கப்படுவது அதுவே. நலமான மூளையில் இது அணுவளவே இருக்கும். நோயுற்ற மூளையிலோ நூறு மடங்கிற்கும் மேலாகப் பெருகிக் கிடக்கும்.

இதற்கிடையே நியூயார்க்கில் ராபர்ட் டெரி, ஸால் கோரி ஆகிய இருவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணைகொண்டு நோயுற்ற நரம்பணுவின் உள்ளே பார்த்தனர். 1960-இல் அவர்கள் வெளியிட்ட படங்களில், வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல வட்டத்துள் வட்டமாய் மெல்லிய தகடுகள் சுற்றிய உருண்டைகள் அணு முழுவதும் அடைந்து கிடந்தன. வீக்கம் என்று முன்னோர் எழுதியது என்ன என்பது அன்று விளங்கிற்று.

அவ்வுருண்டைகள் எதனுள் அடைந்திருந்தன என்பதற்கு விடை பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஒவ்வோர் உயிரணுவிலும் பழையன கழித்து உடைக்கும் சிறு பைகள் உண்டு என்பதை 1955-இல் கிறிஸ்டியன் டி டூவ் அறிவித்து அவற்றுக்கு லைஸோஸோம் எனப் பெயரிட்டார். வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து, மீண்டும் உதவுவனவற்றை எடுத்துத் தரும் கூடம் என்று அதனைக் கொள்ளலாம். அக்கூடத்தில் ஒவ்வொரு பொருளையும் அறுக்க ஒவ்வொரு நொதி இருக்கின்றது. ஒரு நொதி இல்லாவிடில் அதற்குரிய பொருள் மட்டும் அறுபடாமல் குவியும். அவருடன் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்த ஹென்றி ஹெர்ஸ் 1963-இல் வேறொரு குழந்தை நோயில் இதனை மெய்ப்பித்துக் காட்டினார். அதன்பின் டே–ஸாக்ஸ் நோயிலும் எந்த நொதி இல்லை என்று தேடுவதே எஞ்சிய வேலையாயிற்று.

1969-இல் கலிபோர்னியாவில் ஷிண்டாரோ ஒகாடாவும் ஜான் ஒ'பிரையனும் அதனைக் கண்டனர். ஹெக்ஸோஸமினிடேஸ் என்னும் நொதி ஏ, பி என இரு வடிவில் உண்டென்று முந்திய ஆண்டுதான் பிரித்தறியப்பட்டிருந்தது. மொத்த அளவைப் பார்த்தால் இக்குழந்தைகளிடம் நொதிக்குக் குறைவில்லை. முன்னவர்கள் ஏமாந்தது அங்கேதான். இரண்டையும் தனித்தனியே அளந்தபோது ஏ வடிவம் அறவே இல்லை என்பது தெரியவந்தது. ஜெர்மனியில் கான்ராட் ஸான்டாஃப், இரண்டு வடிவங்களுமே இல்லாத குழந்தைகளும் உண்டென்று கண்டார். அந்நோய் அவர் பெயரால் வழங்குகின்றது. ஜி.எம்.2-இன் நுனியிலுள்ள ஒரே ஒரு சர்க்கரைத் துண்டை நறுக்கி விடுவதே அந்த ஏ வடிவ நொதியின் பணி. அந்த ஒரு நறுக்கு விழாமையால் ஒரு மூளையே அழிகின்றது.

அழிகின்றது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அணு உடனே சாவதில்லை என்பதே இந்நோயின் கொடுமை. 1976-இல் புர்புரா, சுசுகி என்னும் ஆய்வாளர்கள் நோயுற்ற அணுக்களின் உருவை ஆராய்ந்தபோது, அணுவின் உடலுக்கும் அதிலிருந்து செய்தி கொண்டு செல்லும் நீண்ட இழைக்கும் இடையே புதியதொரு புடைப்பு உண்டாகியிருக்கக் கண்டனர். அப்புடைப்பு அணுவின் உடலையும் விஞ்சுமளவு பெருப்பதுண்டு. அதன்மேல் புதிய முட்களும் கிளைகளும் முளைத்து, அண்டை அணுக்களோடு தகாத இணைப்புகளைச் செய்துகொள்கின்றன. இடத்திற்குப் பொருந்தாத உரையாடல்கள் மூளைக்குள் தொடங்கிவிடுகின்றன என்க. திடீர் ஓசை எதனைக் கேட்டாலும் அக்குழந்தைகள் உடல் குலுங்கத் திடுக்கிடுவர். பிற்பாடு வலிப்பு வரும். பின்னரே அணுக்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. மூளையின் காவலணுக்கள் அவ்விடம் திரண்டு வந்து மூட்டும் அழற்சியும் அம்மடிவை விரைவாக்குகின்றது என்பதைப் பின்னாளில் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டின. நான்கைந்து வயதுக்குள் உயிர் பிரிகின்றது. தோலணுவும் குருதியணுவும் மாண்டால் புதியன பிறக்கும். மூளையின் நரம்பணுவோ பெரும்பாலும் ஒருமுறை பிறப்பதோடு சரி. மேலும், இக்கொழுப்பினத்தை ஏராளமாக ஆக்குவதும் அதுவே. ஆகவேதான் உடலெங்கும் இல்லாத நொதியின் குறை மூளையில் மட்டும் இத்துணைப் பேரழிவைச் செய்கின்றது.

இனிப் பழி பற்றிச் சில சொல்லவேண்டும். இந்நோய் எங்கே தோன்றினும் பழியும் உடன் வந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூத மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்கா வந்திறங்கிய காலம் அது. டே கண்டதும் ஸாக்ஸ் கண்டதும் பெரும்பாலும் யூதக் குழந்தைகளே. அந்தக் குடியேற்றத்தை வெறுத்தோருள் சிலர், இது அவ்வினத்தின் குருதியிலேயே உள்ள குறைபாட்டிற்குச் சான்று என்று பேசவும் எழுதவும் தலைப்பட்டனர். ஸாக்ஸ் தாமும் யூதர். தாம் தொகுத்த மருத்துவக் குறிப்புகள் இவ்வாறு பயன்படுவதைப் பார்த்திருந்தவர். காலம் செல்லச் செல்லக் கிழக்குக் கியூபெக்கின் பிரெஞ்சுக் கனடியர், லூயிஸியானாவின் கேஜன் மக்கள், பென்ஸில்வேனியாவின் ஜெர்மானியர் வழியினர் ஆகியோரிடமும் இந்நோய் தெரியவந்தது. சிறு கூட்டமாய்க் குடியேறித் தமக்குள்ளேயே மணவுறவு கொண்ட சமூகங்கள் யாவை என்று பார்த்தால், அவற்றின் மதம் யாதாயினும், ஏதேனும் ஓர் அரிய நோய் அங்கே காணப்படும். மூதாதையர் ஒருவரிடம் நேர்ந்த பிழை அக்கூட்டத்தினுள் சுற்றிச்சுற்றி வருவதே அதற்குக் காரணம்.

வீட்டிற்குள் பழி வேறு வகையாய் விழும். பிள்ளைகள் அடுத்தடுத்து மாண்டால் உலகமெங்கும் மாமியார் முதலில் நோக்குவது மருமகளைத்தான். நம் ஊர்களிலும் இதனைப் பார்த்திருக்கின்றோம். 'இவள் வயிறு ராசியில்லாத வயிறு' என்று ஒருவர் சொல்ல, கண்ணேறு என்று மற்றொருவர் சொல்ல, தகப்பனுடைய பங்கைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. இந்நோயோ தாயும் தந்தையும் சரிபாதியாகப் பங்கு கொண்டாலன்றி வருவதில்லை. பழுதுற்ற மரபணு ஒன்றையும் நலமான மரபணு ஒன்றையும் உடையவர் எவ்விதக் குறையுமின்றி முழு ஆயுள் வாழ்வர். அவ்வாறு இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோயுற்ற குழந்தை பிறக்கும். முதற்குழந்தை இறந்தது என்பதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கொள்வது தவறு; ஒவ்வொரு முறையும் அதே கணக்குப் புதிதாகவே தொடங்கும்.

நொதியை அளக்கும் வழி தெரிந்ததும், நோயின்றி அப்பழுதைச் சுமப்போரையும் கண்டறிய இயன்றது. அவர்கள் குருதியில் நொதி ஏறக்குறையப் பாதியே இருக்கும். மைக்கேல் காபாக் என்னும் இளம் மருத்துவர், பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களின் யூதத் தலைவர்களையும் மத குருமார்களையும் ஓராண்டிற்கு மேல் சந்தித்துப் பேசி, 1971 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழுகை இல்லம் ஒன்றில் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் அன்று வரிசையில் நின்று குருதி கொடுத்தனர். அதன்பின் இது நாடுதோறும் பரவி, 2000-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பதினான்கு இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். முப்பது பேரில் ஒருவர் அளவிற்கு இப்பழுதைச் சுமந்திருந்த வட அமெரிக்க யூதரிடையே, இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகை நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்தது.

ஆயினும் இச்சோதனை ஒரு முட்டுக்கட்டையைச் சந்தித்தது. மணமான பின்னர் சோதித்து, கருவில் நோயுண்டெனத் தெரிந்தால் செய்வது யாது? கருவைக் கலைப்பதை மார்க்கம் தடுக்கின்றது என்று கொண்ட பழமை பேணும் யூதர்க்கு அவ்வழி அடைபட்டிருந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழ்ந்த ரப்பி யோஸேஃப் எக்ஸ்டைன் தம் பிள்ளைகள் நால்வரை இந்நோய்க்கு ஈந்தவர். அவர் 1983-இல் 'தோர் யெஷோரிம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். இளையோர் பள்ளியிலேயே குருதி கொடுப்பர். பெயர் எழுதப்படாது, எண் மட்டும் தரப்படும். பெண் பார்க்கும் பேச்சு எழும்போது இருவீட்டாரும் இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்பர். இவ்விருவரும் பொருந்துவர் அல்லது பொருந்தார் என்னும் விடை மட்டும் கிடைக்கும். ஒருவர் மட்டும் பழுதைச் சுமந்தால் அச்செய்தி அவருக்கும் சொல்லப்படுவதில்லை. அதனால் எவருக்கும் கேடில்லை, சொன்னால் களங்கமே மிஞ்சும் என்பது அவர்கள் கருத்து. தன் உடல் பற்றிய உண்மையை ஒருவனுக்கே மறைப்பது முறையா என்று இதனை மறுத்தோர் பலர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் பெண்ணுக்கு வரன் அமையாது போய்விடுமோ என்று அஞ்சி நோய்களை மூடி வைக்கும் குடும்பங்களை அறிந்த நமக்கு, நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்த அத்தந்தையின் சூழ்ச்சி புரிகின்றது. நம்மில் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது வழக்கம். அரிய நோய்களின் மரபணு ஒரே பாட்டனாரிடமிருந்து இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு அத்தகைய மணங்களில் கூடுதல் என்பதால், எண் முறையோ வேறு முறையோ, மணத்திற்கு முந்திய சோதனை நம் வீடுகளிலும் பேசத் தகுந்ததேயாகும்.

மரபணுவிலுள்ள பிழையை ரேச்சல் மயரோவிட்ஸும் அவர்தம் உடன் ஆய்வாளரும் 1988-இல் எழுத்தெழுத்தாகவே படித்துக் காட்டினர். 529 அமினோ அமிலங்கள் கோத்த புரதத்திற்குரிய வாசகத்தில் நான்கு எழுத்துகள் மிகையாய் நுழைந்துவிட்டன. அவ்வாசகம் மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதாதலின், நான்கு நுழைந்ததும் அதற்குப் பின் உள்ள யாவும் நிலை பெயர்ந்து பொருளற்றுப் போகின்றது. கிதாபுகளைப் படியெடுப்போர் ஒரு நுக்தாவை இடம் மாற்றி வைத்தாலும் சொல் வேறாகிவிடும் என்று மத்ரஸாவில் நம் உஸ்தாதுகள் எச்சரித்ததை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டோம். யூதரிடையே பழுதைச் சுமப்போருள் நூற்றுக்கு எண்பது அளவினரிடம் உள்ளது இவ்வொரே பிழை. பிரெஞ்சுக் கனடியரிடம் உள்ள பிழை முற்றிலும் வேறு. நம் நாட்டிலும் இந்நோய் உண்டு. குஜராத் மாநிலத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

மருந்து உண்டா என்று வாசக அன்பர்கள் கேட்பீர்கள். நொதியை ஆக்கிக் குருதியில் செலுத்தினால் அது மூளைக்குள் புகுவதில்லை. மூளையின் காவல் வாயில் அதனைத் தடுத்துவிடுகின்றது. எலிகளில் இந்நோயை உண்டாக்க முயன்றபோது வியப்பான செய்தி வெளிப்பட்டது: ஏ நொதி இல்லாத எலிகள் பெரிதும் நலமாகவே வாழ்ந்தன. ஜி.எம்.2-ஐ உடைக்க அவற்றின் உடலில் வேறொரு குறுக்கு வழி இருந்தது. அவ்வழி நம்மிடம் அத்துணை வலிவுடையதாய் இல்லை. நொதி முற்றும் இல்லாமற் போகாது சிறிதளவே எஞ்சியவர்களுக்கு இந்நோய் வளர்ந்த பருவத்தில் மெல்லத் தொடங்குகின்றது. பத்தில் ஒரு பங்கு நொதி இருந்தாலே மனிதன் நலமாய் வாழலாம் என்பதும் தெரிந்துள்ளது. ஆகவே முழுதும் வேண்டியதில்லை, சிறிது சேர்ந்தால் போதும் என்னும் நம்பிக்கையோடு, தீங்கு செய்யாத வைரஸின் மேல் நலமான மரபணுவை ஏற்றி அனுப்பும் முயற்சி நடந்தது. 2022-இல் அதன் முடிவு வெளியாயிற்று. இரண்டு குழந்தைகள். ஒன்றிற்கு முப்பது மாதத்திலும் மற்றொன்றிற்கு ஏழு மாதத்திலும் அம்மருந்து செலுத்தப்பட்டது. ஏழு மாதக் குழந்தைக்கு மூளையின் ஆழத்திலேயே ஊசி வைத்துச் செலுத்தினர். இருவருக்கும் தண்டுவட நீரில் நொதி கூடிற்று. பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. சிறிய குழந்தையின் நோய் மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்டதாகவே தோன்றிற்று. நரம்பிழைகளின் உறை வளர்வதும் படத்தில் தெரிந்தது. ஆறாம் மாதத்தில் நோய் மீண்டும் நடக்கத் தொடங்கியது.